பாட்டில் ஏற்றிய வருஷங்கள்

எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய் பாட்டில் ஏற்றிக்கொள்ளாமல் திரும்புவது, கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிடாமல் வருவதைப் போன்றது. காய்ச்சலா, பாட்டில். கரும்பு வெட்டி வெயிலில் மயங்கி விழுந்தாயா, பாட்டில். பிள்ளை பெற்ற உடம்பா, கேட்கவே வேண்டாம். மருமகளுக்குப் பாட்டில் ஏற்றினோம் என்று சொல்வதில் மாமியாருக்கு ஒரு கௌரவம் உண்டு. அவளைக் கவனிக்காமல் விடவில்லை என்பதற்கு ஊரறிந்த சாட்சி அது. உள்ளே போவது குளுக்கோஸா உப்புத் தண்ணீரா என்று யாரும் கேட்பதில்லை. ஜன்னல் கம்பியில் தொங்கும், சொட்டுச் சொட்டாக இறங்கும். பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே நோய் பாதி போய்விட்ட மாதிரி இருக்கும். என் அக்காவை அப்படித்தான் மூழ்கடித்தார்கள்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். விட்டதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. உட்கார முடியவில்லை, எழுந்து போய்விட்டேன். லாரியில் கிளீனர், சேலத்தில் ஓட்டல் வேலை, பெங்களூரில் சென்ட்ரிங், சீசனில் கரும்பு வெட்டு என்று வேலை கிடைத்த இடத்தில் படுத்துக்கொண்டேன். பசி, சொறி, போலீஸ் அடி எல்லாம் பார்த்தாகிவிட்டது. அப்பா அம்மா போன பிறகு எனக்கு வீடு என்றால் அக்கா வீடுதான். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி வாய்க்கால் ஓரமாக, மாமா குத்தகைக்குக் கரும்பு போட்டிருந்தார். நல்ல மனிதர். யார் எது சொன்னாலும் தலையை ஆட்டுவார். அக்கா அதற்கு நேர்மாறு. அவள் நடந்தால் பின்னால் வருகிறவன் ஓட வேண்டும். அவள் பேசினால் எதிரில் இருப்பவன் யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறக்க வேண்டும்.

இரண்டாவது பெண் பிறந்து சில மாதங்கள் ஆகியிருக்கும். நான் அப்போது ஒரு முஸ்லிம் பாயின் ஜீப்பில் வேலை செய்தேன். கள்ளக்குறிச்சியில் மளிகைக் கடை வைத்திருந்த குடும்பம். கடையை அண்ணன் தம்பிகள் பார்த்துக்கொள்ள, இவர் ஜீப் வாங்கி வெள்ளிமலைக்கு ஓட்டினார். மலையில் மரவள்ளிக் குச்சி மலிவு என்று மாமா விதைக்கு வாங்க வந்தார். அக்காவும் என்னைப் பார்க்க வேண்டும் என்று கூடவே கிளம்பி வந்தாள்.

ஏற்றத்தில் ஒரு வளைவில் பாய் எப்போதும் ஆட்களை இறக்கிவிடுவார். காலி ஜீப் ஏறி மேலே நிற்கும், ஜனங்கள் நடந்து வந்து ஏறிக்கொள்வார்கள். எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கா வரவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வாயைத் திறந்து மூச்சு விட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"இன்னா தங்கச்சி, இதுக்கே ரேடியேட்டர் சூடாயிடுச்சா?" என்று மேலேயிருந்து பாய் கத்தினார்.

"தண்ணி ஊத்து பாய். கெளம்பிடுவேன்" என்றாள் அக்கா. அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

தலையில் விறகுக் கட்டோடு எங்களைக் கடந்து போன மலைப் பெண் ஒருத்தி நின்று பார்த்துச் சிரித்தாள். "கீழ்நாட்டுக் காலு. சமதரையிலதான் ஓடும்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தாள். மலையில் எல்லோருக்கும் மூச்சு வாங்கும். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மறுநாள் விடிந்ததும் அவர்களைத் தங்க வைத்திருந்த கொட்டகையில் எட்டிப் பார்த்தேன். சாமை மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பி, ஏன் படுக்கவில்லை என்று கேட்டேன்.

"படுத்தா யாரோ நெஞ்சு மேல ஏறி உக்காந்த மாதிரி இருக்குதுடா. உக்காந்தா பரவால்ல."

அங்கிருந்த சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். நர்ஸ் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். "ரத்தம் கம்மி" என்றாள். சிவப்பு மாத்திரை கொடுத்தாள். முருங்கைக்கீரை சாப்பிடச் சொன்னாள். ரத்தம் கம்மியாகத்தான் இருந்திருக்கும். எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஜாஸ்தி? இமையை இழுத்துப் பார்த்த கை இன்னும் ஒரு சாண் கீழே போகவில்லை.

அதற்குப் பிறகு அவள் போன ஒவ்வொரு இடமும் அவள் நோய்க்கு ஒரு சாக்கு வைத்திருந்தது. ஊரில் வெல்லம் காய்ச்சும் ஆலை இருந்தது. அங்கே கரும்புச் சக்கையை எரிக்கும்போது வரும் புகையில் எல்லோரும் இருமுவார்கள், அதனால் அவள் இருமலும் புகையால் வந்தது. கால் வீங்கியது, அது பிள்ளை பெற்றதால் வந்தது. முகமும் கையும் லேசாக உப்பியபோது அவள் மாமியார் சந்தோஷப்பட்டாள். அவளை நான் அத்தை என்று கூப்பிடுவேன்.

"வந்தப்ப குச்சி மாதிரி இருந்தா. இப்பதான் உடம்பு பூசிக்கினு வருது. எங்க வூட்டுச் சோறு" என்று அத்தை வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னாள்.

பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். எங்கள் ஊரில் சதை போட்ட பெண் என்றால் நன்றாக வாழ்கிற பெண். வீங்கிய காலும் சதை போட்ட காலும் பார்வைக்கு ஒன்று. கொலுசு தோலுக்குள் இறங்கிக் கழற்ற முடியாமல் போனபோது, மாமா அவளைக் கள்ளக்குறிச்சியில் ஆசாரியிடம் கூட்டிப் போய் அறுத்து எடுத்தார். அப்படியும் அத்தை சிரித்தபடிதான் சொன்னாள்: "அடுத்ததப் பெருசா செஞ்சு போடுடா."

நான் அந்த வருஷம் பெங்களூர் போனேன். போனால் போன இடம்தான். கடிதம் எழுதுகிற வழக்கம் எங்கள் இரண்டு பேருக்கும் கிடையாது. நான் திரும்பி வந்தபோது ஊர்ப் பேச்சு முழுக்கப் போராட்டமாக இருந்தது. எங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு வேண்டும் என்று கூட்டம், ஊர்வலம், மறியல். டீக்கடையில் யாரைக் கேட்டாலும் எத்தனை பேர் டாக்டர், எத்தனை பேர் கலெக்டர் என்று கணக்குச் சொன்னார்கள். நானும் போய்க் கூட்டத்தில் நின்று கத்தினேன். அந்தக் கோரிக்கை எனக்கு அப்போதும் சரியாகப்பட்டது, இப்போதும் சரியாகப்படுகிறது.

அக்காவைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கை குச்சியாகிவிட்டது, வயிறு பானையாகிவிட்டது. கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வழியில் இரண்டு இடத்தில் இறக்கி வைத்தாள். மாமாவைக் கேட்டேன்.

"காட்டிக்கினுதான்டா இருக்கேன். ஒரு குறையும் வெக்கல. மாசத்துக்கு ஒருவாட்டி பாட்டில் ஏத்துறோம்" என்றார்.

அடுத்த முறை நானும் கூடப் போனேன். கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது அந்த கிளினிக். பெயர் வேண்டாம், அந்தப் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் கதை ஒன்றுதான். கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய டாக்டர். சின்னசேலத்திலிருந்தெல்லாம் அவரிடம் வருவார்கள். நீளமான ஹாலில் வரிசையாக மரப் பெஞ்சுகள், ஒவ்வொரு பெஞ்சிலும் ஒருவர் படுத்திருக்க, மேலே பாட்டில். காய்ந்த துணி மாதிரி வரிசையாகத் தொங்கின.

டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. ஸ்டெதாஸ்கோப் குழாயைப் புடவைக்கு மேலேயே ஒரு இடத்தில் தொட்டு எடுத்தார். அதற்குள் பேனா எழுதிக்கொண்டிருந்தது.

"இளைப்பு இருக்கு. தெம்பு பத்தல. ரெண்டு பாட்டில் போட்டுடலாம்."

"பாட்டில் வேணாங்க" என்றாள் அக்கா.

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். "ஏம்மா?"

"போட்டா அன்னிக்கெல்லாம் மூச்சு முட்டுதுங்க. நுரை நுரையா இருமல் வருது. போடாத வாரம் கொஞ்சம் பரவால்லைங்க. தண்ணி நெஞ்சுல போயி நிக்கிற மாதிரி இருக்குதுங்க."

டாக்டர் சிரித்தார். "தெம்பு ஏறும்போது அப்படித்தாம்மா இருக்கும்."

"சளி வெளிய வருது, நல்லதுதான" என்றாள் அத்தை.

கம்பவுண்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஊரே பாட்டில் குடுன்னு கேட்டுக்கினு வருது, நீ இன்னாம்மா வேணாங்கற? உனக்குன்னு தனியா இளநீர் வெட்டி ஏத்தவா?" என்றான். பெஞ்சில் படுத்திருந்தவர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அக்கா கையை நீட்டினாள்.

இதற்குச் சில வாரம் கழித்து மறியல் வந்தது. ஒரு வாரம் பஸ் ஓடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ரோட்டோரத்துப் புளிய மரங்களையும் தூங்குமூஞ்சி மரங்களையும் வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். போலீஸ் வந்தது, அடி விழுந்தது, பிறகு மறுபடியும் மரம் விழுந்தது. பாய் ஜீப்பைக் கச்சிராயபாளையத்திலேயே நிறுத்திப் போட்டுவிட்டு, கடைக்குப் போக வழியில்லாமல் எங்களோடு சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் காலையில் அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவள், தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பெரிய பெண் ஓடிவந்து சொன்னாள். நான் போனபோது அக்காவின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி இருந்தது. மார்பு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. பாய் ஜீப்பை எடுத்தார். மாமா, அத்தை, நான் எல்லோரும் ஏறினோம். வாய்க்கால் கரை, வண்டிப்பாதை என்று சுற்றிக் கள்ளக்குறிச்சி போய்ச் சேர்ந்தோம்.

நேராக அந்த கிளினிக்குக்குத்தான் போனோம். வேறு எங்கே போவோம்?

டாக்டர் பார்த்தார். "ரொம்ப டல்லா இருக்காங்க. ஒரு பாட்டில் ஃபாஸ்ட்டா விடு" என்றார்.

பாதி பாட்டில் இறங்குவதற்குள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். தொண்டையில் கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம். வாயிலிருந்து நுரை வந்தது, ரோஜா நிறத்தில். கம்பவுண்டர் தோளைப் பிடித்துப் படுக்க வைக்கப் பார்த்தான். "படும்மா, முடியப் போவுது." அவள் அவனைத் தள்ளிவிட்டு, கையிலிருந்த ஊசியைத் தானே பிடுங்கி எறிந்தாள். புடவை முழுக்க ரத்தம்.

"இன்னொரு சொட்டு… ஏத்துனீங்க… செத்துடுவேன்" என்றாள். துண்டு துண்டாக அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் முதல் தடவையாகத் தலையை ஆட்டாமல் நின்றார்.

கூட்டத்துக்கு முன்னால் ஊசியைப் பிடுங்கியது டாக்டருக்கு அவமானமாகப் போய்விட்டது. "எனக்கே பாடம் சொல்றீங்களா? பெரிய எடத்துக்குக் கொண்டு போங்க" என்று ஒரு சீட்டில் கிறுக்கிக் கொடுத்தார். அரசு ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் இருந்தது, போக ரோடு இல்லை. பாய்தான் சொன்னார்: "பாண்டிச்சேரிக்கு விடறேன். ஜீப்ப ஒடச்சா ஒடைக்கட்டும், ஏறுங்க."

ஜீப் முன்னால் வெள்ளைத் துண்டு ஒன்றைக் கட்டினோம். அக்காவை நடுவில் உட்கார வைத்து, முன்னாலும் பின்னாலும் நானும் மாமாவும் அண்டை கொடுத்தோம். படுக்க வைக்க முடியாது. மெயின் ரோட்டை விட்டு, லாரிக் காலத்தில் நான் தெரிந்துகொண்ட ஊர்ப் பாதைகளில் புகுந்து போனோம். திருநாவலூர் பக்கத்தில் மறுபடி ரோட்டில் ஏற வேண்டியிருந்தது. ஏறிய இடத்திலேயே ஒரு புளிய மரம் குறுக்கே கிடந்தது. அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. மரத்தின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், கையில் கோடாலி.

"எறங்கு, எறங்கு. எந்த ஊரு?"

"உடம்புக்கு முடியாத பொண்ணுப்பா. பாண்டிச்சேரி போவணும்" என்றார் பாய்.

ஒருவன் வந்து உள்ளே எட்டிப் பார்த்தான். என் வயசுதான் இருக்கும். முகம் மாறிவிட்டது. "இன்னாங்க ஆச்சு அக்காவுக்கு? பாட்டில் ஏத்துனீங்களா?"

"ஏத்தினோம்" என்றாள் அத்தை.

"எத்தினி?"

அவனை அடிக்கத்தான் எனக்குக் கை எழுந்தது. மாமா பிடித்துக்கொண்டார். அவன் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவன் வீட்டிலும் பாட்டில்தான் ஏற்றியிருப்பார்கள்.

"நம்ம பசங்க நாலு பேரு டாக்டராயிட்டா இப்படி அலைய வேணாம்ணே. அதுக்குத்தான் இந்த மரம்" என்றான்.

"அவனுங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள இவ போயிடுவா. மரத்த நகத்து" என்றேன்.

"நகராதுண்ணே. ரெண்டு ஆள் கட்டிப் பிடிக்கிற மரம். ஆளத் தூக்கிக் கடத்திடலாம்."

டீக்கடையிலிருந்து நாற்காலி வந்தது. அக்காவை அதில் உட்கார வைத்து, துண்டால் கட்டி, ஆளுக்கு ஒரு கால் பிடித்து, கிளைகளுக்கு நடுவே மிதித்து ஏறி, அந்தப் பக்கம் இறக்கினார்கள். "பாத்து, பாத்து, முள்ளு" என்று ஒருவன் முன்னால் நடந்து கிளைகளை ஒதுக்கிக்கொண்டே போனான். அந்தப் பக்கம் நின்ற காலி லாரி ஒன்றின் டிரைவரைக் கீழே இறக்கி, வண்டியைத் திருப்பச் சொன்னார்கள். "பொண்ண ஆஸ்பத்திரியில வுட்டுட்டுத்தான் நீ வூட்டுக்குப் போவணும்" என்று மிரட்டினார்கள். அவன் முனகிக்கொண்டே திருப்பினான். நாங்கள் லாரியில் ஏறினோம்; பாய் ஜீப்போடு மரத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. அக்காவைப் படுக்கச் சொல்லவில்லை. கழுத்தில் துடித்துக்கொண்டிருந்த நரம்பைப் பார்த்தார். கட்டை விரலால் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார்; விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. பிறகு ரவிக்கையைத் தளர்த்தி, குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வைத்த இடத்தை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டார். என் அக்காவின் நெஞ்சை ஒருவர் அவ்வளவு நேரம் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஊசி ஒன்று போட்டார்கள். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அக்காவுக்குச் சிறுநீர் போனது. போனது, போனது, வாளி மாற்ற வேண்டியிருந்தது. அத்தை வாயைப் பொத்திக்கொண்டு, "இவ்ளோ தண்ணியுமா உள்ள இருந்துது?" என்றாள். பொழுது சாய்வதற்குள் அக்கா தலையணையில் சரிந்தாள். பிறகு இன்னும் கொஞ்சம் சரிந்தாள். படுத்துவிட்டாள். அவள் படுத்துத் தூங்குவதை நானும் மாமாவும் ஏதோ திருவிழா பார்க்கிற மாதிரி நின்று பார்த்தோம்.

டாக்டரம்மா எங்களை வெளியே கூப்பிட்டார். இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய், இதயம் வீங்கி, ரத்தத்தைத் தள்ள முடியாமல் தண்ணீர் பின்னால் தேங்குகிறது என்றார். "சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க அவளை நான் இடுப்பைப் பிடித்து நடத்தியிருக்கிறேன். அந்தக் காய்ச்சல்தான் வால்வைக் கெடுக்குமாம். அது வந்ததா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

"இது நேத்து வந்ததில்ல. வருஷக் கணக்கா இருந்திருக்கு. ஏன் இவ்ளோ லேட்டா கூட்டிட்டு வந்தீங்க? மறியல்னாலயா?"

மாமா, ஆமாம் என்று தலையை ஆட்டினார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது.

"மறியல் இல்லைங்க. லேட்டாவும் வரலைங்க. மலையில காட்டினோம், கீழ காட்டினோம். மாசா மாசம் காட்டினோம். போன எடத்துலல்லாம் பாட்டில் ஏத்துனாங்க."

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. "பாட்டிலா? இந்த உடம்புக்கா?" என்றார். சொல்லிவிட்டுச் சீட்டு எழுதத் திரும்பிவிட்டார். டாக்டர்களுக்குள் ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்க மாட்டார்கள்.

நோயை முதலில் கண்டுபிடித்தது அந்த டாக்டரம்மாதான் என்று மாமா இன்றைக்கும் சொல்வார். இல்லை. அவர் பேர் வைத்தார், அவ்வளவுதான். கள்ளக்குறிச்சியில் அந்த மரப் பெஞ்சுக்கு முன்னால் நின்று, தண்ணீர் நெஞ்சில் போய் நிற்கிறது என்று அக்கா சொன்னாளே, அங்கேதான் முதலில் தெரிந்தது. படித்த வார்த்தை ஒன்று கூட இல்லாமல், இருந்ததை இருந்தபடி சொன்னாள். அதைக் கேட்டுச் சிரித்தார்கள். விழுந்து, நீலம் பாய்ந்து, நுரை கக்கிய பிறகுதான் எங்களைப் போன்றவர்களுடைய நோய் நோயாகிறது. அதுவரை அது சோம்பல், புகை, பிள்ளை பெற்ற உடம்பு, எங்கள் வீட்டுச் சோறு.

ஆபரேஷன் செய்யலாமா என்று மெட்ராஸுக்கு அனுப்பினார்கள். அங்கே பார்த்துவிட்டு, முன்னாலேயே வந்திருந்தால் சுலபமாகச் செய்திருக்கலாம், இப்போது நுரையீரலும் கெட்டுப்போயிருக்கிறது, தாங்க மாட்டாள் என்றார்கள். மாத்திரை, உப்பில்லாத சோறு. அத்தை அவளுக்கென்று தனி உலை வைத்தாள். வைக்கட்டும்.

ஊருக்குத் திரும்பியதும் நான் அந்த கிளினிக்குக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. டாக்டர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"எப்படி இருக்காங்க? பாவம், அன்னிக்கு மறியல்ல மாட்டிக்கிட்டீங்க. அதான் சீரியஸ் ஆயிடுச்சு."

"மரம் எங்கள அரை நாளுதான் நிறுத்துச்சு. நீங்க எத்தினி வருஷம் நிறுத்தினீங்க?" என்று கத்தினேன். "அவ சொன்னாளா இல்லியா? தண்ணி நெஞ்சுல நிக்குதுன்னு சொன்னாளா இல்லியா?"

அவர் பதில் சொல்வதற்குள் பெஞ்சில் கிடந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். "டாக்டரப் பாத்து இன்னாடா பேச்சு?" "குடிச்சிட்டு வந்திருக்கான்." "கைராசிக்கார மனுஷன்யா, வாய் அழுகிடும்." ஒரு பெரியவர் தன் பாட்டிலை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் என்னைத் தள்ளினார். சந்தில் வந்து விழுந்தேன். உள்ளே மறுபடியும் அவரவர் படுத்துக்கொண்டார்கள்.

ஊரும் மறியலைத்தான் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மட்டும் ரோடு திறந்திருந்தால் என்று வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். சொல்ல வசதியான காரணம். மரத்தைத் திட்டினால் மரம் ஊசி போட மாட்டேன் என்று சொல்லப் போவதில்லை, டாக்டரைத் திட்டினால் நாளைக்கு அவரிடம்தானே போக வேண்டும்?

அக்கா அதற்குப் பிறகு ஒரு வருஷம் போல இருந்தாள். வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள், பெண்களுக்குத் தலை வாருவாள், போகிறவர் வருகிறவரைக் கிண்டல் செய்வாள். நடக்க மட்டும் முடியாது. நான் மலையில் மறுபடியும் பாயின் ஜீப்பில் சேர்ந்துகொண்டு, இறங்கும்போதெல்லாம் போய்ப் பார்ப்பேன். ஒரு முறை போனபோது பெரிய பெண் காய்ச்சலில் படுத்திருந்தாள். அக்கா அவள் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தாள். வீங்கிச் சூடாக இருந்தது. ஒரு கால் சரியானதும் இன்னொரு கால் வீங்குகிறதாம்.

"நாளைக்கு நான் கூட்டிக்கினு போறேன்" என்றார் மாமா.

"நீ வேணாம்" என்றாள் அக்கா. "நீ போனா சொல்றதுக்கெல்லாம் தலைய ஆட்டிட்டு வருவ. இவன் போவட்டும். இவன்தான் சண்ட போடுவான்."

சேலம் ரோட்டில் புதிதாக வந்திருந்த ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனேன். முழங்காலைப் பார்த்தார், காய்ச்சலைப் பார்த்தார், எழுத ஆரம்பித்தார்.

"நெஞ்சுல வெச்சுக் கேளுங்க சார்" என்றேன்.

"மூட்டு வலிக்கு எதுக்குய்யா நெஞ்சு? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் சார் டாக்டரு. அதான் கேக்கறேன். சட்டைக்கு மேல வேணாம், உள்ள வெச்சுக் கேளுங்க. நீங்க கேக்குற வரைக்கும் நான் எழுந்துக்க மாட்டேன்."

வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கம்பவுண்டர் வந்து என் தோளைத் தொட்டான். நான் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அவளுடைய அம்மாவின் கதி என்ன ஆனது என்பதை அந்த அறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். டாக்டர் என்னை முறைத்துக்கொண்டே குழாயை எடுத்து வைத்தார். கொஞ்ச நேரத்தில் முறைப்பது நின்றது. அவளை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடியும் வைத்தார்.

"இதயத்துல லேசா ஒரு சத்தம் இருக்கு" என்றார். "ஆரம்பம்தான். மாசா மாசம் ஒரு ஊசி போட்டா மேல போகாது. வருஷக் கணக்கா போடணும். விடக் கூடாது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா அழுவாள், இல்லாவிட்டால் யாரையாவது திட்டுவாள் என்று நினைத்தேன். "இப்பவே தெரிஞ்சுடுச்சு இல்ல" என்றாள். இரண்டு தடவை அதையே சொன்னாள். பிறகு பெண்ணைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாள். எனக்குத்தான் ஆத்திரம் அடங்கவில்லை. இவ்வளவுதானா? நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒருத்தன் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருந்தால் போதும் என்றால், அவள் விஷயத்தில் எத்தனை பேர் எழுந்திருக்காமல் இருந்திருக்கலாம்?

அடுத்த கரும்பு வெட்டுக்கு முன்னால் அக்கா போய்விட்டாள். பகலில், உட்கார்ந்தபடியே. ஒதுக்கீட்டுக்கு அரசாங்கம் உத்தரவு போட்டபோது அவள் இல்லை. எங்கள் பையன்கள் சிலர் அதில் டாக்டரும் ஆனார்கள். சந்தோஷம்தான். அவர்களாவது புடவைக்கு மேலே வைத்துக் கேட்காமல் இருந்தால் சரி.

பெரிய பெண்ணை ஊசிக்குக் கூட்டிப் போவது என் வேலையாகிவிட்டது. எந்த ஊரில் இருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவேன். என் ஆயுளில் நான் ஒழுங்காகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அந்த ஊசி வலி தாங்காது, இரண்டு நாள் உட்கார முடியாது என்று அவள் பஸ் ஸ்டாண்டிலிருந்தே ஆரம்பிப்பாள்.

"மாமா, இந்த மாசம் வுட்டுடலாம் மாமா. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"வாய மூடிக்கினு நட" என்பேன்.

அழுதுகொண்டே, என்னைத் திட்டிக்கொண்டே, எனக்கு முன்னால் வேகமாக நடப்பாள்.